காகத்துக்கு வைத்த சோறும் கயோட்டியும்

வாசகர் கேள்வி: ரொறன்ரோவின் ஸ்காபரோவில், ரூஜ் பள்ளத்தாக்கை ஒட்டிய தெருவொன்றில் வசிக்கிறோம். இந்த மாசி மாதத்தில் இரண்டு தடவை, காலை ஏழு மணியளவில், எங்கள் பின்வளவுக்கு, நாயினத்துக் காட்டு விலங்கான கயோட்டி ஒன்று வந்தது. இரண்டாவது தடவை நான் கதவைத் திறந்த பிறகும் அது ஓடவில்லை. வேலியோரம் நின்று என்னையே பார்த்தது. எங்களிடம் ஆறு கிலோ எடையுள்ள சிறிய நாய் ஒன்று உண்டு. நான்கு வயது மகனும் இருக்கிறான். நகரசபைக்கு அறிவித்தோம், பிடித்துக்கொண்டு போவதில்லை என்றார்கள். நாங்களே கூண்டு வைத்துப் பிடித்து வடக்கே காட்டில் விட்டால் என்ன? மாமி தினமும் காகத்துக்கு வைக்கும் சோற்றுக்குத்தான் அது வருகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், மாமி மறுக்கிறார். இன்னொன்று: என் கணவரின் தம்பி லின்ட்சே ஊருக்கு அப்பால் நாற்பது ஆடுகள் வளர்க்கிறார். சென்ற இலையுதிர்காலத்தில் மூன்று குட்டிகளை இழந்தார். வேட்டைக்காரரைக் கூப்பிட்டு அந்தப் பகுதிக் கயோட்டிகள் எல்லாவற்றையும் சுட்டுவிடலாம், அல்லது இறைச்சியில் நஞ்சு வைக்கலாம் என்று அயலவர்கள் சொல்கிறார்கள். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஆலோசனை தாருங்கள்.

கால்நடை மருத்துவர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கூண்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். யாராவது இந்த வார இறுதியிலேயே ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிடக்கூடும் என்ற பயம் எனக்கு உண்டு. ஒன்ராறியோ மாகாணத்தின் சட்டப்படி, பிடிபட்ட காட்டு விலங்கை அது பிடிபட்ட இடத்திலிருந்து 1 கிலோமீற்றருக்கு அப்பால் கொண்டுபோய் விடக்கூடாது. சட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் அந்த வேலையால் பயன் இல்லை. வடக்கே நீங்கள் நினைக்கும் காடு ஆளில்லாமல் கிடக்கும் காடு அன்று. அங்கே ஏற்கெனவே ஒரு கயோட்டிக் குடும்பம் எல்லை வகுத்துக்கொண்டு வாழ்கிறது. புதிதாக வந்ததை அது துரத்தும்; துரத்தப்பட்டது பழைய இடத்தைத் தேடி நெடுஞ்சாலைகளைக் கடக்கும்; வாகனத்தில் அடிபட்டுச் சாவதற்கே வாய்ப்பு அதிகம். இங்கே அது விட்டுப்போன இடத்துக்கோ, துணையும் நிலமும் தேடித் திரியும் இன்னொரு இளம் கயோட்டி விரைவில் வந்து சேரும். எனவே நகரசபை அலுவலர் சோம்பலால் மறுத்தார் என்று எண்ணவேண்டாம். காயப்பட்ட விலங்கு, நோயுற்ற விலங்கு, மனிதரைத் தாக்கிய விலங்கு என்றால் அவர்கள் தலையிடுவார்கள். வேலியோரம் நின்று பார்த்த விலங்குக்காகத் தலையிட மாட்டார்கள்.

நம்மவர்களில் சிலர் கயோட்டியை நரி என்கிறார்கள், சிலர் ஓநாய் என்கிறார்கள். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஊரில் நாம் நரி என்று சொல்லும் குள்ளநரியும் கயோட்டியும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இங்கே செந்நிறமாய்த் தோட்டங்களுக்குள் ஓடித்திரியும் நரிதான் இரண்டுக்கும் தூரத்து உறவு. ஒன்ராறியோவில் நாம் காண்பது கிழக்குக் கயோட்டி. அதன் மரபணுவில் பெரும்பகுதி கயோட்டியும், மீதி ஓநாயும் சிறிது நாயும் கலந்திருக்கின்றன. மேற்கிலுள்ளதைவிட இது பெரியது என்றாலும், வளர்ந்த விலங்கின் எடை பெரும்பாலும் 15 முதல் 18 கிலோவுக்குள்தான் இருக்கும். மாசி மாதத்தில் அது போர்த்திக்கொண்டிருக்கும் உரோமம்தான் அதை ஒரு பெரிய நாயளவுக்குக் காட்டுகிறது. ஓடும்போது வாலைக் கவனியுங்கள்: நாய் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும், கயோட்டி தாழ்த்திக்கொண்டு ஓடும். ஊரில் நரி முகத்தில் விழித்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம் என்பார்கள். நீங்கள் இரண்டு காலைகளில் விழித்திருக்கிறீர்கள்.

இந்த விலங்கை ஒழிக்க மனிதர் முயலாமல் இல்லை. ஒன்ராறியோவில் ஓநாய் இனத்தைக் கொன்றால் அரசே பணம் கொடுக்கும் வழக்கம் 1793இல் தொடங்கி 1972 வரை நீடித்தது. அதனால் தெற்கு ஒன்ராறியோவில் ஓநாய் அழிந்தது. காடுகளும் வெட்டப்பட்டு வயல்களாயின. முன்பு மேற்கின் புல்வெளிகளிலும் வறண்ட நிலங்களிலும் மட்டும் இருந்த கயோட்டி, தன்னை அடக்கிவைத்திருந்த ஓநாய் இல்லாமற் போன அந்த நிலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து குடியேறியது. 1980களில் பனிக்கட்டியைக் கடந்து நியூஃபவுண்ட்லாந்துக்குக்கூடப் போய்விட்டது. தெற்கே பனாமா வரை பரவியிருக்கிறது. துப்பாக்கிக்கும் பொறிக்கும் நஞ்சுக்கும் இடையில் பெருகிய விலங்கு இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லின்ட்சே விடயத்துக்கு வரும்போது அது தேவைப்படும்.

இப்பொழுது உங்கள் மாமியின் சோற்றுக்கு வருகிறேன். சிக்காகோ நகரை உள்ளடக்கிய குக் கவுண்டியில், ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டான்லி கெர்ட்டும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டிலிருந்து நகரத்துக் கயோட்டிகளைக் கழுத்துப் பட்டி மாட்டித் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். அங்கே அவை கழித்த 1,429 எச்சங்களைப் பிரித்துப் பார்த்தபோது, 42 சதவீதத்தில் எலி போன்ற சிறு கொறிணிகளும், 23 சதவீதத்தில் பழங்களும், 22 சதவீதத்தில் மானும், 18 சதவீதத்தில் முயலும் இருந்தன. ஓர் எச்சத்திலேயே பலவும் கலந்திருப்பதால் கூட்டினால் நூறைத் தாண்டும். மனிதரிடமிருந்து கிடைத்த உணவு 2 சதவீதத்துக்கும் குறைவான எச்சங்களில்தான் காணப்பட்டது. பூனை ஏறத்தாழ 1 சதவீதம். இதை உங்கள் மாமி கேட்டால், தான் சொன்னதுதான் சரி என்று மகிழக்கூடும். ஆனால் என் அனுபவத்தில், வீட்டுக் கதவு திறந்த பிறகும் ஓடாமல் நிற்கும் விலங்குகள் அந்தச் சிறு பங்கிலிருந்துதான் வருகின்றன. பள்ளத்தாக்கில் எலி பிடித்துத் தின்னும் கயோட்டிக்கு உங்கள் கதவில் எந்த அக்கறையும் இல்லை; கதவு திறந்தால் உணவு வரும் என்று ஒரு தடவையேனும் கற்றுக்கொண்டதுதான் நின்று பார்க்கும்.

காகத்துக்குச் சோறு வைப்பது முன்னோரை நினைக்கும் செயல். என் தாயாரும் வைத்தவர். அதை நான் குறைவாகப் பேச மாட்டேன். ஆயினும் இங்கே நடப்பதைக் கூர்ந்து பார்த்தால் இப்படி இருக்கிறது: மாசி மாதத்துக் குளிரில் காகம் கொத்திவிட்டுப் போன மீதி பனியில் உறைந்து கிடக்கிறது; அதில் பருப்போ மீன்குழம்போ சிறிது கலந்திருந்தால் வாசனை பிடித்து இரவில் எலி வருகிறது, ரக்கூன் வருகிறது; எலியின் தடத்தைப் பிடித்துக் கயோட்டி வருகிறது; வந்த இடத்தில் சோறும் இருந்தால் அதையும் தின்கிறது. பக்கத்து வீட்டுக்காரரும் மாமியும் ஆளுக்குப் பாதி சரி. அத்துடன், ரொறன்ரோவில் 2023 சித்திரை முதலாம் திகதியிலிருந்து, சொந்த வளவுக்குள்ளும் காட்டு விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் உணவு வைப்பது தடை. நிலத்துக்கு மேலே சுத்தமாக வைத்திருக்கப்படும் சிறுபறவைகளின் உணவுக்கலங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே மாமியிடம் நிறுத்தச் சொல்வதைவிட மாற்றச் சொல்லிப் பாருங்கள். தொங்கும் கலம் ஒன்றில் கைப்பிடி தானியம் போட்டு, கீழே சிந்துவதை மாலையில் கூட்டியெடுத்துவிட்டால், அவருடைய காலை நேரக் கடமையும் ஓரளவு நிறைவேறும், விதியும் மீறப்படாது. காகம் அந்தக் கலத்துக்கு வராது என்பார், அது உண்மைதான். இந்த இடத்தில் உங்கள் கணவர் பேசுவது நல்லது.

சோற்றோடு நின்றுவிடாமல் வளவை ஒரு தடவை கயோட்டியின் உயரத்திலிருந்து சுற்றிப் பாருங்கள். ஆட்டெலும்பு போடப்பட்ட பச்சைத் தொட்டியின் மூடி இறுக்கமாகப் பூட்டுகிறதா, அதை முதல்நாள் இரவே தெருவில் வைக்கிறீர்களா, நாயின் உணவுத் தட்டு வெளியே கிடக்கிறதா, புரட்டாதியில் விழும் அப்பிள்கள் மரத்தடியிலேயே அழுகுகின்றனவா, மரப்படிக்கட்டின் அடியில் ஒரு விலங்கு நுழையக்கூடிய வெளி இருக்கிறதா என்று பாருங்கள். பங்குனி, சித்திரை மாதங்களில் குட்டி போட இடம் தேடும் பெண் கயோட்டிக்கு அந்த வெளி ஒரு நல்ல குகை.

அடுத்தது பயம். கதவைத் திறந்து அது நின்று பார்த்தபோது நீங்கள் மெதுவாகக் கதவை மூடியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்; எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். கயோட்டியின் கணக்கில் அது வெற்றி. அடுத்த தடவை வந்தால், நாயையும் மகனையும் உள்ளே விட்டுவிட்டு, நீங்கள் வெளியே ஓரடி வைத்து நில்லுங்கள். கைகளை உயர்த்தி, அடித்தொண்டையிலிருந்து சத்தமிடுங்கள். வெறும் பால்மாத் தகரத்தில் பத்துப் பதினைந்து சில்லறைகளைப் போட்டு மூடிக் கதவருகே வைத்திருங்கள். அதைக் குலுக்கினால் எழும் சத்தம் அதற்குப் பிடிக்காது. குடையை அதன் முகத்துக்கு நேராகச் சட்டென்று விரிப்பது இன்னும் நல்லது. கறுப்புக் குப்பைப்பையைக் காற்றில் உதறலாம். கோடையில் தண்ணீர்க் குழாயால் பீய்ச்சலாம். இரண்டடி பின்வாங்கித் திரும்பிப் பார்த்தால் நிறுத்திவிடாதீர்கள். வேலியைத் தாண்டிக் கண்ணுக்கு மறையும் வரை விடக்கூடாது. பாதியில் நிறுத்தினால், சற்றுப் பொறுத்தால் மனிதர் ஓய்ந்துவிடுவர் என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும். வீட்டில் ஒருவர் மட்டும் இதைச் செய்தால் அந்த ஒருவருக்கு மட்டும் பயப்படும். மாமியும் தகரத்தைக் குலுக்கவேண்டும், பக்கத்து வீட்டுக்காரரும் குலுக்கவேண்டும். அது தப்பிப் போவதற்கு வேலியில் ஒரு வழி திறந்திருக்கிறதா என்பதை மட்டும் முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள். மூலையில் மாட்டிய விலங்கு திரும்பிக் கடிக்கும்.

இதற்கு விலக்கு ஒன்று உண்டு. கயோட்டிகள் தை முதல் பங்குனி வரை இணைசேர்கின்றன. ஏறக்குறைய 63 நாட்களில், சித்திரை, வைகாசியில், ஐந்து ஆறு குட்டிகள் பிறக்கின்றன. அதன்பின் கோடை நடுப்பகுதி வரை, பள்ளத்தாக்குப் பாதையில் நடக்கும்போது ஒரு கயோட்டி உங்களுக்குப் பின்னால் சிறிது தூரம் வந்துகொண்டே இருந்தால், அது வேட்டையாடுகிறது என்று பொருளில்லை. பக்கத்தில் குட்டிகள் இருக்கின்றன, உங்களை எல்லைக்கு அப்பால் அனுப்பிவைக்கிறது. அந்த இடத்தில் தகரம் குலுக்கிச் சண்டைக்குப் போகாதீர்கள். முகத்தைக் காட்டியபடியே, ஓடாமல், வந்த வழியே திரும்புங்கள். சில கிழமைகளுக்கு வேறு பாதையில் நடவுங்கள்.

உங்கள் ஆறு கிலோ நாய் கயோட்டியின் கண்ணுக்கு முயலைவிடச் சற்றுப் பெரிய இரை; பெரிய நாய் என்றால், இணைசேரும் காலத்தில், எல்லைக்குள் புகுந்த போட்டியாளர். விடியற்காலையிலும் பொழுதுபட்ட பின்னும் அதைத் தனியே பின்வளவில் விடாதீர்கள், வேலி இருந்தாலும். ஆறடி வேலியைக் கயோட்டி ஏறிக் கடக்கும். உச்சியில் உருளும் குழாய் பொருத்தினால் கால் பிடிக்காமல் வழுக்கும், அடியில் தோண்டாதபடி கம்பிவலையை மண்ணுக்குள் புதைக்கவும் வேண்டும். இது செலவுள்ள வேலை. நாயோடு நீங்களும் வெளியே போய் நிற்பது செலவில்லாத வேலை. உலாவும்போது நீளும் சுருள் கயிற்றை விட்டுவிட்டு, ஆறடிக்கு மேற்படாத சாதாரண வாரைப் பிடியுங்கள். கயோட்டியைக் கண்டால் நாயைத் தூக்கிக்கொள்ளுங்கள். விசர்நாய்த் தடுப்பூசி ஒன்ராறியோவில் எப்படியும் கட்டாயம். அதோடு, இந்த மாகாணத்துக் கயோட்டிகளின் குடலில், மனிதரின் ஈரலையும் தாக்கக்கூடிய ஒருவகை நாடாப்புழு இப்பொழுது காணப்படுகிறது. எலியைக் கடிக்கும் பழக்கமுள்ள நாய்க்கு அது தொற்றலாம். வழமையான பூச்சி மருந்துகள் சில இதற்குப் பயன்படா. பிரசிகுவான்டெல் உள்ள மருந்தை உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

மகனைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருந்தாலும், கடிதத்தின் பயம் முழுவதும் அந்த வரியில்தான் இருக்கிறது. 1960 முதல் 2006 வரையான காலத்தில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பதிவான கயோட்டித் தாக்குதல்களைத் திரட்டிய ஆய்வொன்றில், 142 சம்பவங்களில் 159 பேர் தாக்கப்பட்டிருந்தார்கள். இரு நாடுகளிலும் கயோட்டியால் உயிரிழந்ததாகப் பதிவானவர்கள் இருவர்: 1981இல் கலிபோர்னியாவின் கிளென்டேலில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியும், 2009இல் நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டன் மலைப் பூங்காவில் ரொறன்ரோவைச் சேர்ந்த 19 வயதுப் பாடகி ஒருவரும். அத்தனை கோடி மக்களுக்கு நடுவே இது மிகச் சிறிய எண். ஆனால் எண் சிறிதாக இருப்பதற்குக் காரணம் கயோட்டி மனிதருக்குப் பயந்து விலகியிருப்பதே. அந்தப் பயத்தைக் கலைத்தால் என்ன ஆகும் என்பதை வன்கூவரின் ஸ்டான்லி பூங்கா காட்டியது. 2020 மார்கழியிலிருந்து 2021 புரட்டாதி வரை அங்கே ஏறத்தாழ 45 பேர் கடிபட்டார்கள் அல்லது தாக்கப்பட்டார்கள், அவர்களில் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். படம் எடுப்பதற்காகவும் இரக்கத்துக்காகவும் சிலர் உணவு போட்டுவந்த பூங்கா அது. முடிவில் பூங்காவை இரவில் பூட்டினார்கள், 11 கயோட்டிகளைக் கொன்றார்கள். உணவு போட்டவர்கள் வீட்டில்தான் இருந்தார்கள்.

ஆகவே நான்கு வயதுப் பிள்ளையைப் பின்வளவில் தனியே விடவேண்டாம் என்பது உறுதி. அவனுக்கு இரண்டே விடயங்களைப் பழக்குங்கள்: ஓடக்கூடாது, கத்தவேண்டும். ஓடும் சிறு உருவத்தைத் துரத்துவது எந்த நாயினத்துக்கும் இயல்பு. நீங்கள் பக்கத்தில் இருந்தால் அவனைத் தூக்கிக்கொண்டு, முதுகைக் காட்டாமல் பின்வாங்குங்கள். எப்போதாவது கடித்துவிட்டால், காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், நகரசபையின் 311 இலக்கத்துக்கும் அறிவியுங்கள். கயோட்டிகளிடம் விசர்நோய் அரிது. அரிது என்பதற்காக ஊசியைத் தள்ளிப்போடக்கூடாது.

காலை ஏழு மணி என்று எழுதியிருந்தீர்கள். பகல் வெளிச்சத்தில் தென்பட்டால் விசர் பிடித்தது என்று நம்மவர்களிடையே ஒரு நம்பிக்கை இருக்கிறது, அது தவறு. மாசியில் ஏழு மணி என்பது விடியல், அவற்றின் வழமையான நேரம். நான் அறிய விரும்புவது வேறு: அதன் வால் அடர்த்தியாக இருந்ததா, எலிவால் போல் மெலிந்து மயிரின்றி இருந்ததா? இடுப்பிலும் கால்களிலும் தோல் தடித்துச் சாம்பல் நிறமாக இருந்ததா? சொறிநோய் பிடித்த கயோட்டி குளிர் தாங்காமல் வீட்டுச் சுவரோரத்தின் வெப்பத்துக்காகவும் எளிதில் கிடைக்கும் உணவுக்காகவும் மனிதரை அண்டும். அப்படியானால் அது துணிந்த விலங்கு அன்று, நோயாளி. படம் எடுத்து 311க்கு அனுப்புங்கள்.

இனி லின்ட்சே. மூன்று குட்டிகளை இழந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். எது கொன்றது என்று யாராவது பார்த்தார்களா என்பது கடிதத்தில் இல்லை. இறந்த ஆட்டைக் கயோட்டி தின்றிருந்தால் கயோட்டிதான் கொன்றது என்று ஆகிவிடாது. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பண்ணையில், பாதி தின்னப்பட்ட செம்மறி ஒன்றைப் பார்க்க என்னை அழைத்தார்கள். உரிமையாளர் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டு நின்றார். கழுத்துத் தோலை உரித்துப் பார்த்தோம். பற்கள் பதிந்த துளைகள் இருந்தன. ஆனால் தோலுக்கு அடியில் ஒரு துளி இரத்தக்கட்டும் இல்லை. உயிரோடு இருக்கும்போது கடிபட்டால் அந்த இடத்தில் தோலின் உட்புறம் நாவல்பழச் சாறு ஊறியதுபோல் கருஞ்சிவப்பாக இருக்கும். செத்த பின் கடித்தால் வெளுத்திருக்கும். நெஞ்சைத் திறந்தபோது நுரையீரல் ஈரலைப் போலக் கெட்டியாக இருந்தது. நிமோனியாவில் செத்த ஆட்டைக் கயோட்டி இரவில் வந்து தின்றிருக்கிறது. அந்தப் பண்ணைக்குத் தேவைப்பட்டது காற்றோட்டமுள்ள கொட்டில்.

கயோட்டி கொன்றால், தாடைக்குச் சற்றுப் பின்னே தொண்டையில் நெருக்கமாகச் சில துளைகள் இருக்கும். சிறு குட்டியானால் தலையிலோ பிடரியிலோ கடித்திருக்கும், அல்லது குட்டியே காணாமற் போயிருக்கும். விலா எலும்புக்குப் பின்னாலிருந்து தின்னத் தொடங்கியிருக்கும். வீட்டு நாய்கள் கொன்றால் காட்சி வேறு: பின்தொடையிலும் காதிலும் விலாவிலும் கண்டபடி கிழிந்திருக்கும், பல ஆடுகள் ஒரே இரவில் காயப்பட்டிருக்கும், தின்றது மிகக் குறைவாக இருக்கும். ஈர மண்ணில் தடம் இருந்தால், நாயின் தடம் வட்டமாகவும் விரல்கள் விரிந்தும், கயோட்டியின் தடம் முட்டை வடிவில் ஒடுங்கி நேர்கோட்டிலும் போகும். கிராமங்களில் அயலவரின் நாய்கள் செய்த வேலையைக் கயோட்டியின் கணக்கில் எழுதுவது புதிதன்று. நஞ்சு வைக்கச் சொல்லும் அயலவரிடம் எத்தனை நாய்கள் இருக்கின்றன, அவை இரவில் கட்டப்படுகின்றனவா என்று உங்கள் மைத்துனர் மெல்ல விசாரிக்கட்டும்.

அடுத்த முறை இறந்த குட்டியைக் கண்டால், அவர் தாமே தோலை உரிக்கத் தொடங்க வேண்டாம். உடலைத் தார்ப்பாயால் மூடி, சுற்றியுள்ள தடங்களை மிதிக்காமல் படம் எடுத்து, 48 மணித்தியாலத்துக்குள் தமது நகரசபைக்கு அறிவிக்கட்டும்; அவர்கள் ஒரு மதிப்பீட்டாளரை அனுப்புவார்கள். காட்டு விலங்கு கொன்றது என்று உறுதியானால், மாகாண அரசின் இழப்பீட்டுத் திட்டத்தில் ஆட்டின் விலையைப் பெற வழி உண்டு. அதன் பின் உடலைச் சட்டப்படி அகற்றிவிடவேண்டும். புதர் மறைவில் இழுத்துப் போடுவது, கயோட்டிகளுக்கு ஆட்டிறைச்சியின் சுவையை நாமே பழக்குவதாகும். இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்த பண்ணைகளில் அடிக்கடி கண்ட தவறு இதுவே.

எல்லாவற்றையும் சுட்டுவிடலாம் என்ற யோசனையைப் பற்றி: அமெரிக்க வேளாண்மைத் திணைக்களத்தின் வனவிலங்குச் சேவைப் பிரிவு ஆண்டுதோறும் 55,000க்கும் மேற்பட்ட கயோட்டிகளைக் கொல்கிறது, தனியார் வேட்டை இதற்கு வெளியே. கயோட்டி குறையவில்லை. 1975இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களான கொனலியும் லோங்ஹர்ஸ்டும் கணக்கிட்டுப் பார்த்தபோது, ஒரு பகுதியிலுள்ளவற்றில் 75 சதவீதத்தை ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் கொன்றாலும் அவை அற்றுப்போக ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும் என்று வந்தது. கயோட்டிக் குடும்பத்தில் பொதுவாக ஓர் இணைதான் குட்டி போடும். அந்த இணையைச் சுட்டுவிட்டால், கட்டுப்பட்டிருந்த இளம் பெண் விலங்குகளும் இணைசேரத் தொடங்கும். நெரிசல் குறைந்து உணவு பெருகுவதால் ஈற்றுக்குப் பிறக்கும் குட்டிகளும் பிழைப்பவையும் கூடும். வெளியிலிருந்து திரிபவையும் உள்ளே வரும். மைத்துனரின் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி, ஆட்டைத் தொடாமல் எலியும் முயலும் தின்று வாழும் ஓர் இணை இருந்தால், அது மற்றக் கயோட்டிகளை அண்டவிடாமல் காவல் காக்கிறது. அதைச் சுடுவது கூலியில்லாக் காவற்காரனை அனுப்பிவிடுவதற்குச் சமம்.

கொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கால்நடை வைத்திருப்பவனிடம் அப்படிச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. கலிபோர்னியாவின் ஹொப்லன்ட் ஆய்வுப் பண்ணையில், செம்மறிகளைக் கொன்றவை பெரும்பாலும் அந்த நிலத்தைத் தம் எல்லையாகக் கொண்ட இணைகளே என்று கண்டார்கள். கண்ட கயோட்டியையெல்லாம் கொல்வதைவிட, கொலை நடந்த இடத்து இணையைத் தேர்ந்து அகற்றியபோதே இழப்பு குறைந்தது. யூட்டாவில் இணைகளுக்குக் கருத்தடை செய்துவிட்டபோது, உணவூட்டக் குட்டிகள் இல்லாததால், அவை ஆட்டுக்குட்டிகளைக் கொல்வது வெகுவாகக் குறைந்தது. ஆகவே ஒரே இடத்தில், ஒரே முறையில், திரும்பத் திரும்பக் கொலை நடந்தால், அந்த விலங்கை மட்டும் குறிவைத்து அகற்றலாம். ஒன்ராறியோச் சட்டம், தன் நிலத்தில் தன் உடைமைக்குச் சேதம் செய்யும் அல்லது செய்யவிருக்கும் கயோட்டியைச் சுட விவசாயிக்கு இடமளிக்கிறது. துப்பாக்கி பற்றிய உள்ளூர் விதிகளை மட்டும் முன்னரே கேட்டறியட்டும். லின்ட்சேக்கு வடக்கே, கவார்த்தா ஹைலன்ட்ஸ், அல்கொன்குவின் பூங்காக்களைச் சூழ்ந்த சில பகுதிகளில், அருகிவரும் கிழக்கு ஓநாயைக் காப்பதற்காகக் கயோட்டி வேட்டையும் தடுக்கப்பட்டிருக்கிறது, ஏனெனில் இரண்டையும் கண்ணால் வேறுபடுத்த முடியாது. வேட்டைக் குழுவைக் கூப்பிடுவோர் பலர் இதைக் கவனிப்பதில்லை.

நஞ்சு வேண்டாம். அது குற்றம் என்பது ஒருபுறம். யார் தின்பார் என்பதை நஞ்சு கேட்பதில்லை என்பது மறுபுறம். 2017இல் ஐடஹோ மாநிலத்தின் பொக்கடெல்லோ நகருக்கு வெளியே, கயோட்டிக்காக அரசே நட்டுவைத்திருந்த சயனைட் குழாயைத் தற்செயலாகத் தொட்ட பதினான்கு வயதுச் சிறுவன் நஞ்சுக்கு ஆளானான். கூட வந்த அவனுடைய நாய் அவன் கண்முன்னே இறந்தது. பயிற்சி பெற்றவர்கள் வைத்ததற்கே இந்தக் கதி.

குட்டிகளைக் காப்பது பட்டிதான். ஊரில் பொழுதுபட ஆட்டைப் பட்டியில் அடைத்தது நரிக்குப் பயந்துதானே. அதை இங்கே வந்து ஏன் கைவிட்டோம் என்று எனக்கு விளங்கவில்லை. பொழுது சாயும்போது அடைத்து, நன்றாக விடிந்த பிறகு திறந்துவிடட்டும். பட்டியின் கம்பிவலைக் கண்கள் அகலத்தில் 15, உயரத்தில் 10 சென்ரிமீற்றருக்கு மேற்படக்கூடாது. வெளிப்புறம் மண்ணோடு மண்ணாக வலையை ஓரடி அகலத்துக்கு விரித்துப் பதித்தால் தோண்ட முடியாது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலும் உச்சியிலும் மின்கம்பி ஓடினால் இன்னும் நல்லது. மறிகள் திறந்த வெளியில் ஈனக்கூடாது. ஈன்ற இடத்து நச்சுக்கொடியை உடனே எடுத்துப் புதைக்கவேண்டும். அதன் வாசனைதான் முதல் அழைப்பு.

இதற்கு மேல் ஒரு செலவு செய்ய முடியுமானால், காவல்நாய். கிரேட் பிரனீஸ், மரெம்மா போன்ற இனங்கள் 40 கிலோவுக்கு மேல் வளரும். கயோட்டி அவற்றோடு மோத விரும்பாது. எட்டுக் கிழமைக் குட்டியிலிருந்தே ஆடுகளோடு வளர்க்கவேண்டும். நம்பத்தகுந்த காவலாக முதிர ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பிடிக்கும். வீட்டுக்குள் எடுத்துக் கொஞ்சி வளர்த்தால் அது உங்களைக் காக்கும், ஆட்டைக் காக்காது. இரவு முழுவதும் குரைக்கும். அயலவருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. கழுதையும் நாயினத்தைக் கண்டால் பாய்ந்து மிதிக்கும், ஆனால் ஒன்றை மட்டும் வைத்திருக்கவேண்டும், இரண்டானால் அவை ஒன்றோடொன்று கூடிக்கொண்டு ஆட்டை மறந்துவிடும். ஆண் கழுதை வேண்டாம், குட்டிகளைக் கடிக்கும். மிக முக்கியமாக, ஆட்டுத் தீவனப் பையின் சீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்: அதில் மொனென்சின் என்ற மருந்து கலந்திருந்தால், ஆட்டுக்கு அது இரத்தக்கழிச்சலைத் தடுக்கும், கழுதையைக் கொன்றுவிடும். கயோட்டிக்காக வாங்கிய கழுதை தீவனத்தால் செத்ததை நான் கண்டிருக்கிறேன்.

அவருடைய மறிகள் எப்போது ஈனும் என்று எழுதவில்லை. பங்குனி, சித்திரை என்றால், காவல்நாய்க்கு இந்த ஆண்டு காலம் போதாது. பட்டியை இப்பொழுதே இறுக்கட்டும், இறந்த உடல்கள் கிடந்த புதர்ப்பக்கத்தைச் சுத்தம் செய்யட்டும். சென்ற ஆண்டு குட்டிகளின் படங்கள் ஏதேனும் கைப்பேசியில் இருந்தால், கழுத்துப் பகுதி தெரியக்கூடியவற்றை எனக்கு அனுப்பிவையுங்கள். பின்வளவுக் கயோட்டியின் வாலும் தெரிந்தால் அந்தப் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.